படிவத்தில் இல்லாத கேள்வி

மாப்பிள்ளை ஆடு வாங்கிய அன்றே அக்கா சொல்லிவிட்டாள், அந்த வீட்டில் இனிமேல் அறிவோடு நடந்துகொள்ளப் போவது ஆடுகள் மட்டும்தான் என்று.

மாப்பிள்ளை என்றால் அவளுடைய தங்கையின் புருஷன். நாற்பது வயது வரை செல்போன் கடையில் மேலாளராக இருந்தவர். கழுத்தில் டை கட்டிக்கொண்டு, வருகிறவர் போகிறவரையெல்லாம் நச்சரித்து செல்போனுக்கு உறை விற்ற மனுஷன். ஒரு நாள் மார்பு படபடவென்று அடித்துக்கொண்டது. டாக்டர் சோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லை என்று சொல்கிற டாக்டரை யார் மதிக்கிறார்கள்? தான் விற்ற செல்போனிலேயே வைத்தியம் தேட ஆரம்பித்தார். ஆறே மாதம்தான். வேலையை விட்டார், டையைக் கழற்றினார், ஊர் முடிகிற இடத்தில் புதர்க்காட்டை ஒட்டி ஒரு வீட்டுக்குக் குடிபோனார், நாலு பால் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து கட்டினார். தாடியும் வளர்த்தார். அந்தத் தாடியைப் பார்த்து ஆடுகளே முதல் நாள் ஏமாந்துபோயிருக்கும் என்பது அக்காவின் கணிப்பு.

அவருடைய ஞானம் முழுவதும் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடும்: அடுப்பில் வைத்தால் சத்து போய்விடும். காய்கறியை வேகவைத்தால் சத்து போய்விடும். தண்ணீரைச் சுடவைத்தால் சத்து போய்விடும். பாலைக் காய்ச்சினாலோ, கேட்கவே வேண்டாம். கறந்த சூடு ஆறுவதற்குள் அப்படியே குடிக்க வேண்டும், அதுவும் நின்றுகொண்டு. ஏன் நின்றுகொண்டு என்று கேட்டால் அதற்கும் ஒரு வீடியோ வைத்திருந்தார். அக்கா அவருக்குச் ‘சத்து’ என்று பெயர் வைத்தாள். சொந்தக்காரர்கள் வாயில் அது ஒட்டிக்கொண்டது. அவரைப் பெற்ற தாயே ஒரு தடவை போனில், "சத்து இருக்கானா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாளாம்.

அக்காவுக்கு ஏளனம் என்பது மூச்சு விடுவது மாதிரி. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத பரிசோதனைக் கூடத்தில், அவள் தலைமை டெக்னீஷியன். இருபத்திரண்டு வருஷமாக மேல்மாடிகளிலிருந்து அவளுக்கு ரத்தம் வருகிறது, கூடவே டாக்டர்கள் நிரப்பிய படிவங்களும் வருகின்றன. தப்பு இருக்கிற படிவத்தை அவள் தொலைபேசியில் கேட்டுச் சரிசெய்ய மாட்டாள். சிவப்பு மையில் ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்புவாள். ‘இந்தக் கையெழுத்தை நோயாளி எழுதினாரா?’ ‘குழாயில் ரத்தம் இல்லை, நல்லெண்ணம் மட்டும் இருக்கிறது.’ ‘நோயாளியின் வயது முந்நூற்றுப் பன்னிரண்டு என்று இருக்கிறது. வாழ்த்துகள்.’ மேல்மாடியில் அவளுக்குப் பெயர் ‘சிவப்பு மை’. அது அவளுக்குத் தெரியும். தெரிந்த நாளிலிருந்து ஒரே சமயத்தில் ரெண்டு பேனா வாங்கி வைத்துக்கொண்டாள்.

வேலையில் அவள் கெட்டிக்காரி, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அவள் கை பட்ட முடிவு இருபத்திரண்டு வருஷத்தில் ஒன்றுகூடத் தப்பாகப் போனதில்லை. ஆனால் தப்பே செய்யாத ஆளுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடும். மற்றவன் வாயைத் திறக்கும்போதே அவன் சொல்லப்போவது தப்பு என்று முடிவுகட்டிவிடும் பழக்கம். அக்காவுக்கு அது முற்றிப்போயிருந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கூடத்துக்கு ஒரு புதுப் பரிசோதனை வந்தது, உண்ணிக்கடியால் வரும் மூளைக்காய்ச்சலுக்கு. உண்ணி எள்ளளவு பூச்சி. புல்லில், புதரில் உட்கார்ந்திருந்து, போகிற காலில் தொற்றிக்கொள்ளும். கடித்தால் வலிக்கக்கூடச் செய்யாது. சில உண்ணிகளின் எச்சிலில் ஒரு வைரஸ் இருக்கும். அது மனுஷ ரத்தத்தில் இறங்கினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சிலருக்கு மட்டும் சாதாரணக் காய்ச்சல் மாதிரி நாலு நாள் வந்து, போய்விடும். அதிலும் சிலருக்கு ஒரு வாரம் நன்றாக நடமாடவிட்டு, அதன் பிறகு மூளையில் வந்து உட்காரும். உட்கார்ந்துவிட்டால் அதை விரட்ட மருந்து கிடையாது. தடுப்பூசி உண்டு, ஆனால் அது வருவதற்கு முன்னால் போட்டுக்கொள்கிறவர்களுக்கு.

பரிசோதனைக்கான பொருள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வந்தாலும் கொஞ்சமாகத்தான் வரும். அதனால் கண்டவர்களுக்கெல்லாம் செய்யக் கூடாது என்று துறைத்தலைவர் சொல்லி, படிவம் தயாரிக்கும் வேலையை அக்காவிடம் கொடுத்தார். படிவத்தில் ரெண்டு கேள்வி இருக்க வேண்டும் என்று தாளில் எழுதியும் கொடுத்தார். ஒன்று, உண்ணி கடித்ததா? ரெண்டாவது, காய்ச்சாத பால் குடித்தீர்களா? ஏனென்றால் உண்ணி ஆட்டையும் கடிக்கும். ஆட்டுக்கு ஒன்றும் செய்யாது, அது பாட்டுக்குத் தின்னும், கத்தும், பால் கொடுக்கும். சில நாளைக்கு அந்தப் பாலில் வைரஸும் கூடவே இறங்கும். காய்ச்சினால் செத்துவிடும்.

அக்கா தட்டச்சு செய்து பார்த்தாள். ஒரே ஒரு வரி அடுத்த பக்கத்துக்கு வழிந்தது. ஒரு வரிக்காக ரெண்டாவது தாளா?

"இந்தக் காலத்துல எவன் சார் பாலைக் காய்ச்சாம குடிக்கிறான்?" என்றாள் துறைத்தலைவரிடம். "அப்படி ஒரு முட்டாள் வந்தா நானே எழுந்து நின்னு வணக்கம் வெக்கிறேன்."

துறைத்தலைவர் சிரித்தார். அவர் தன்னைச் சிரிக்க வைக்கிறவர்களுக்குக் கையெழுத்துப் போடுகிற ஆள். பால் வரி போயிற்று. படிவம் ஒரே பக்கத்தில் அழகாக அடங்கியது. உண்ணிக்கடி என்று ஒரே ஒரு கட்டம். அதில் ‘இல்லை’ என்று இருந்தால் பரிசோதனையும் இல்லை. இந்த விதியைப் போட்டது அவள், காவல் காத்ததும் அவள்.

ஆடுகள் வந்து ஒரு வருஷம் ஆன சமயம், நரம்பியல் வார்டிலிருந்து ஒரு படிவம் வந்தது. ஐம்பது வயது தையல்காரர். கட்டத்தில் ‘இல்லை’. ஆனாலும் உண்ணிப் பரிசோதனை கேட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் ஏதேதோ எழுதியிருந்தார் ஒரு டாக்டர். வேலையில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத புது டாக்டர். அக்கா பொடி எழுத்தைப் படிக்கவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்தாள். ‘உண்ணி இல்லை, பரிசோதனையும் இல்லை. படித்துவிட்டு எழுதவும்.’

அரைமணி நேரத்தில் புது டாக்டரே இறங்கி வந்துவிட்டார். படியில் வந்த மூச்சு அடங்கவில்லை.

"மேடம், அவருக்குக் காய்ச்சல் வந்து போயிருக்கு. ஒரு வாரம் நல்லா இருந்திருக்காரு. இப்ப திரும்ப வந்து கழுத்து வெறைச்சிடுச்சு, கை நடுங்குது. ரெண்டு தடவையா வர்றது இந்த வியாதியோட வழக்கம்..."

"வழக்கமெல்லாம் இருக்கட்டும் டாக்டர். கட்டத்துல என்ன இருக்கு?"

"அவருக்குக் கடிச்ச ஞாபகம் இல்ல. தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கறதே இல்லையாம்."

"அப்ப தையல் மெஷின்ல உண்ணி இருக்கான்னு பாத்துட்டு வாங்க."

கூடத்தில் இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். புது டாக்டரின் காது சிவந்தது. தாளை மடித்துப் பையில் வைக்கப் போனவரை நிறுத்தி, திருப்பிய படிவம் கூடத்திலேயே இருக்க வேண்டும் என்று வாங்கிக் கோப்பில் போட்டாள் அக்கா. ரத்தம் இருந்த குழாயை விதிப்படி உறைபெட்டியில் வைத்தாள். அன்று சாப்பாட்டு நேரம் முழுக்கத் தையல் மெஷின் உண்ணிதான் பேச்சு.

அதற்கு நாலு நாள் கழித்து, வேலை நேரத்தில், தங்கை போன் செய்தாள்.

தங்கை கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் எறும்புத் தலை அளவு திருகாணிகளை மாட்டி முடுக்குகிற வேலை. அக்காவை மாதிரிப் பேச்சு கிடையாது. எதையும் ரெண்டு நாள் மனசில் போட்டு உருட்டிவிட்டுத்தான் கேட்பாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். இந்த ஆட்டுப்பாலைப் பச்சையாவே குடிக்கலாமா? கிண்டலா கேக்கல, நெஜமாவே கேக்கறேன்."

அக்கா அப்போது ஒரு கையால் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் நாலு காதுகள் திறந்திருந்தன. மேடை கிடைத்தால் விடுகிற ஆளா அவள்?

"தாராளமா குடிடி. ஒரே மாசத்துல உனக்கும் நாலு கால் முளைச்சிடும். சத்துக்கு ஜோடியா இருக்கும்."

மறுமுனையில் தங்கையும் சிரித்துவிட்டாள். "சும்மா இரு அக்கா," என்று சொல்லி வைத்துவிட்டாள். தான் பதில் சொல்லவில்லை என்பதே அக்காவுக்கு உறைக்கவில்லை. படிவத்திலிருந்து வெட்டி எறிந்த அந்த ஒரு வரி அவள் தலைக்குள் எங்கோ இருக்கத்தான் இருந்தது. ஆனால் எதைக் கேட்டாலும் அவளுக்கு முதலில் கிண்டல்தான் ஓடி வரும். மற்றதெல்லாம் வந்து சேர்வதற்குள் பேச்சே முடிந்திருக்கும்.

பத்து நாளில் தங்கைக்குக் காய்ச்சல். உடம்பு வலி, தலைபாரம், நாலு நாள் படுக்கை. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. சத்து மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. சொந்தக்காரர்கள் இருக்கிற வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி போட்டார்: ‘ஒரு மாத்திரை இல்லை, ஒரு ஊசி இல்லை. நாலே நாளில் பால் விரட்டிய காய்ச்சல்!’ கூடவே ஆட்டின் படம், ஆட்டின் பக்கத்தில் அவர் படம். அக்கா உடனே பதில் போட்டாள்: ‘இதில் டாக்டர் யார்? இடப்பக்கமா, வலப்பக்கமா?’ பத்தொன்பது பேர் சிரிக்கிற முகம் போட்டார்கள். வந்து போன காய்ச்சலைப் பற்றி அந்தப் பத்தொன்பது பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டியவள் சிரிக்கிற முகங்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

தங்கை எட்டு நாள் வேலைக்குப் போனாள். ஒன்பதாம் நாள் காலை கடையில் திருகாணி கை நழுவி விழுந்தது. குனிந்து தேடினாள். இன்னொன்றை எடுத்தாள், அதுவும் விழுந்தது. ஏழாவது திருகாணி விழுந்தபோது முதலாளியம்மா வந்து பார்த்தாள். தங்கையின் வலது கை தானாகவே ஆடிக்கொண்டிருந்தது. "தலை பொளக்குதும்மா," என்றாளாம். அதன் பிறகு சொன்ன எதுவும் வார்த்தையாக இல்லை.

தங்கையைக் கொண்டுவந்து சேர்த்தது அக்காவின் ஆஸ்பத்திரியில்தான். அக்கா மேல்மாடி ஏறி ஓடியபோது தங்கைக்குக் கழுத்து பலகை மாதிரி விறைத்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் அக்காவைத் தாண்டிச் சுவரைப் பார்த்தது. முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துக்கொண்டிருந்தவர் அதே புது டாக்டர். அக்காவை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மறுபடி ஊசியிலேயே கண்ணை வைத்தார். கதவோரம் தாடியும் அழுக்குச் சட்டையுமாக மாப்பிள்ளை நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன மாப்பிள்ளை, இப்பவும் பாலே விரட்டிடுமா?"

அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

அக்கா கீழே வந்து உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் தங்கையின் ரத்தமும் முதுகுத்தண்டு நீரும் வந்தன. கூடவே படிவம். உண்ணிக்கடி கட்டத்தில் ‘இல்லை’. கீழே உண்ணிப் பரிசோதனை கேட்டிருந்தது. ஓரத்தில் அதே பொடி எழுத்து. இந்தத் தடவை அக்கா படித்தாள்: ‘காய்ச்சல் இரு கட்டமாக வந்துள்ளது. கடி நினைவில்லை. வேறு வழியில் வந்திருக்கலாம். தயவுசெய்து செய்து பார்க்கவும்.’ தயவுசெய்து என்ற சொல்லின் கீழே ஒரு கோடு.

மேஜையில் சிவப்புப் பேனா மூடி திறந்தபடி கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை. தான் போட்ட விதியைத் தானே தாண்டி மாதிரியை எடுத்துக்கொண்டு போனாள். இளையவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பரிசோதனை முடிய மூன்று மணி நேரம். சின்னச் சின்னக் குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில், தங்கையின் குழி மஞ்சளாக நிறம் ஏறியது. நிறம் ஏறினால் வியாதி உண்டு என்று அர்த்தம். அத்தனை வருஷத்தில் எத்தனையோ தட்டுகளில் அந்த மஞ்சளைப் பார்த்து முடிவு எழுதியிருக்கிறாள். அன்று தட்டை ரெண்டு தடவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

முடிவை எடுத்துக்கொண்டு அவளே மாடி ஏறினாள். மாப்பிள்ளையை நடைபாதையில் நிறுத்தினாள்.

"உண்ணி எங்க கடிச்சது? ஒழுங்கா சொல்லுங்க. அவளைக் காட்டுக்கு இழுத்துட்டுப் போனீங்களா?"

"சத்தியமா இல்லக்கா. அவ வீடு விட்டா கடை, கடை விட்டா வீடு. ஆட்டுக்கொட்டாய்ப் பக்கம்கூட வரமாட்டா, நாத்தம்னு சொல்லுவா."

"அப்புறம் எப்படி வரும்? காத்துல பறந்து வருமா?"

"எனக்கென்ன தெரியும்க்கா? ஆட்டுக்கு உண்ணி இருக்கும், நான்தான் கையால எடுத்துப் போடுவேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே. அவ பால்தான் குடிச்சா. பாலை மட்டும்தான் குடிச்சா."

அக்காவுக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் அடுத்த பக்கத்துக்கு வழிந்த அந்த வரி, எழுத்துக்கு எழுத்து, கண் முன்னால் வந்து நின்றது. காய்ச்சாத பால் குடித்தீர்களா?

"இந்தப் பால் வேற யாருக்கெல்லாம் போகுது?" குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

மாப்பிள்ளை விரல் விட்டுச் சொன்னார். பக்கத்து வீடு, எதிர் வீடு, யோகா சொல்லித்தருகிற அம்மா, அவருடைய பழைய கடைப் பையன்கள் ரெண்டு பேர். "அப்புறம் நம்ம தையல்காரர். பாவம் அந்த மனுஷன், இதே ஆஸ்பத்திரியிலதான் கிடக்காரு. ஒரு மாசமாச்சு. என்னன்னே கண்டுபிடிக்க முடியலன்னு சொல்றாங்க."

மனுஷனுக்கு அப்போதும் ரெண்டையும் ரெண்டையும் கூட்டத் தெரியவில்லை. ஆனால் அவரைத் திட்ட அக்காவுக்கு அந்த நேரம் நாக்கு எழவில்லை. பால் கொடுத்த எல்லா வீட்டுக்கும் உடனே போன் பண்ணி நிறுத்தச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னாள். படி இறங்கினாள். உறைபெட்டியிலிருந்து தையல்காரரின் குழாயை எடுத்தாள். திரும்ப மூன்று மணி நேரம். அதுவும் மஞ்சள்.

கணக்கு எளிமையானது, யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தையல்காரரின் படிவம் வந்த அன்று தங்கைக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. அன்று பரிசோதனை செய்திருந்தால் மறுநாளே யாராவது தையல்காரரிடம் பால் பற்றிக் கேட்டிருப்பார்கள். அதற்கு மறுநாள் சத்துவின் பால் நின்றிருக்கும். தங்கை எந்த ஆட்டின் பாலைக் குடித்து விழுந்தாளோ, அந்தப் பால் சட்டிக்கே வந்திருக்காது.

திருப்பிய படிவங்களின் கோப்பு அவள் மேஜைக்குக் கீழேதான் இருந்தது. அதை அவளைத் தவிர யாரும் தொட மாட்டார்கள். அந்த ஒரு தாளைக் கிழித்துப் போட்டால் கேட்க ஆளில்லை. அவள் அதை எடுத்து, கொஞ்ச நேரம் தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழகான கையெழுத்து. பிறகு ரெண்டு முடிவுகளோடு அந்தத் தாளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்ப் புது டாக்டரின் மேஜையில் வைத்தாள்.

"பால்," என்றாள். "காய்ச்சாத பால்லயும் வரும். அந்தக் கேள்வி ஃபார்ம்ல இருந்தது. நான்தான் எடுத்துட்டேன்."

அவர் முடிவுகளைப் பார்த்தார். சிவப்பு வரியைப் பார்த்தார். அக்கா காத்திருந்தாள். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"படிச்சிட்டுத்தான் எழுதினேன் மேடம்," என்றார் அவர். தாளை மடித்து வைத்துவிட்டுத் தையல்காரரைப் பார்க்க எழுந்து போய்விட்டார்.

தங்கை பதினோரு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தாள். மருந்து இல்லாத வியாதிக்குச் செய்ய முடிந்தது அவ்வளவுதான்: வலிப்பு வராமல் பார்த்துக்கொண்டார்கள், காய்ச்சலை இறக்கினார்கள், மூச்சைக் கவனித்தார்கள். மற்றதை அவள் உடம்பே சண்டை போட்டுப் பார்த்துக்கொண்டது. இதற்குள் சொந்தபந்தம் திரண்டு வந்து, மாப்பிள்ளையை வறுத்து எடுத்தது. சித்தப்பா அவரை மனுஷனே இல்லை என்றார். சித்தி, பெண்டாட்டி வாயில் விஷத்தை ஊற்றினவன் என்றாள். அக்கா குழுவில் போட்ட கிண்டல்களையெல்லாம் ஒவ்வொருவரும் எடுத்து அவர் முகத்தில் எறிந்தார்கள். அவர் ஆடுகளை விற்றார், தாடியை மழித்தார். "நான்தான் அவளைக் குடிக்க வெச்சேன். நான்தான்," என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வார்டு வாசலில் நாற்காலியில் கிடந்தார்.

அக்கா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். படிவத்தைப் பற்றித் துறைத்தலைவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். பால் கேள்வி திரும்ப ஏறியது, படிவம் ரெண்டு பக்கம் ஆயிற்று. ஆனால் அந்தப் போன் பேச்சைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. கூடத்தில் இருந்தவர்களுக்குப் பதில்தான் காதில் விழுந்தது. கேள்வி என்னவென்று தனக்கும் தங்கைக்கும் மட்டும்தான் தெரியும். தங்கைக்குக் கண்ணே சரியாகத் திறக்கவில்லை. அவள் பிழைக்க வேண்டும் என்று அக்கா நாள் முழுக்க வேண்டிக்கொண்டாள். பிழைத்த பிறகு அது ஞாபகம் வராமல் இருக்க வேண்டும் என்று ஒரு தடவை நினைத்தாள், நினைத்ததற்காகத் தன்னையே காறித் துப்பிக்கொண்டாள்.

தங்கை பிழைத்தாள். ரெண்டு மாதம் கழித்து, ஒரு முற்பகல், ஆஸ்பத்திரியின் பயிற்சி அறையில் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஓட்டை போட்ட மரப்பலகை, பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறைய விரல் நீள மரமுளைகள். ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டையில் நிறுத்த வேண்டும், சின்னப் பிள்ளைகள் விளையாட்டு மாதிரி. எறும்புத் தலைத் திருகாணியை மாட்டின கை அது. மூன்றில் ஒன்று ஓட்டைக்குள் போயிற்று. மற்றது தரையில் உருண்டது. மாப்பிள்ளை முட்டி போட்டுப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டே இருந்தார். அக்கா எதிரே உட்கார்ந்திருந்தாள்.

பேச்சு திரும்பியிருந்தது, ஆனால் வார்த்தைகளைத் தேடித் தேடி எடுத்துப் பேசினாள்.

"அக்கா, அந்த மாசமே எனக்கு... ஓட்டை ஓட்டையா இருக்கு. கொஞ்சம் ஞாபகம் வருது, கொஞ்சம் இல்ல. உன்கிட்ட பால் பத்திக் கேக்கணும்னு நெனச்சது ஞாபகம் இருக்கு. கேட்டேனா?"

மாப்பிள்ளை மேஜைக்கு அடியிலிருந்து தலையைத் தூக்கினார். அக்காவைப் பார்த்தார். இந்த ரெண்டு மாதத்தில் அவர் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் அவர் தலையிலேயே இருந்துவிடும். அவரும் அதைச் சுமந்துகொண்டு போய்விடுவார்.

"கேட்ட," என்றாள் அக்கா.

"நீ என்ன சொன்ன?"

அக்கா வேறு மாதிரி மாற்றிச் சொல்ல ஒரு வழி இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை.

"தாராளமா குடி, ஒரே மாசத்துல நாலு கால் முளைச்சிடும்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நீயும் சிரிச்ச."

தங்கை கையில் இருந்த முளையைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். நெற்றி சுருங்கியது. பிறகு மெல்ல விரிந்தது, ரொம்ப நாளாகத் தேடிய சாமான் கிடைத்த மாதிரி.

"ஓ, அதான். அன்னிக்கு சாயங்காலம்தான் நான் காய்ச்சறதை விட்டேன். ஏன் விட்டேன்னு எவ்வளவு யோசிச்சும் வரல. ஆபத்துன்னா நீ திட்டுவ. சிரிச்சா, ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்."

மாப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டார். கை நிறைய முளைகள்.

"காய்ச்சறதையா? நீ அவ்வளவு நாளும் காய்ச்சியா குடிச்ச?"

"ஆமா, நீங்க கொட்டாய்க்குப் போனதும் அடுப்புல வெச்சிடுவேன்," என்றாள் தங்கை. அடுத்த முளையை எடுத்தாள், ஓட்டைக்கு நேராகக் கொண்டு போனாள், கை ஆடியது. "உங்க பேச்சை நான் என்னிக்குங்க கேட்டேன்? அக்கா பேச்சைத்தான் கேட்டேன்."